மதியச் சாப்பாட்டு மணி

ஜூலை 8, திங்கள்

எச்.எம். அம்மாவின் நாற்காலியில் நான் உட்காருவது உண்டு. எழுதி வைக்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அங்கிருந்துதான் ஆரம்பித்தாக வேண்டும். காலையில் அறையைக் கூட்டி, மேஜையைத் துடைத்து, தண்ணீர் பிடித்து வைத்த பிறகு, அந்த அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கும்வரை ஃபேனைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவேன். சுழலும் நாற்காலி. ஒரு சுற்றும் சுற்றிப் பார்ப்பேன்.

இன்று சுற்றி நின்றபோது வாசலில் எட்டுப் பெண்கள். ஒரே நிறத்துச் சேலை, கையில் சுருட்டிய சார்ட். "குட் மார்னிங் மேடம்" என்று ஒன்றாகச் சொன்னார்கள். பி.எட். படிக்கிறவர்கள், இரண்டு மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துப் பழக வந்திருக்கிறார்கள். நான் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. "ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லுங்க" என்றேன்.

ஏழு பேர் சொன்னார்கள். எட்டாவது பெண் சொன்னது கேட்கவே இல்லை. "என்ன அம்மிணி, பேரை ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றேன். இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் தமயந்தி என்று காதில் விழுந்தது. அதற்குள் நிஜமான எச்.எம். வந்துவிட்டார். நான் துடைப்பத்தோடு வெளியே வந்தேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "பேபி, டீ" என்றார். ஐம்பது தாண்டியும் என்னைப் பேபி என்று கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று ஊர் வருத்தப்படட்டும். பெயர் வைத்தது என் அப்பா.

மத்தியானம் அந்தத் தமயந்தி என்னிடம் வந்து, "நீங்க எச்.எம். இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியுங்க்கா" என்றாள்.

"எப்படிக் கண்ணு?"

"சேலையத் தூக்கிச் செருகியிருந்தீங்க."

"அப்பறம் ஏஞ்சொல்லலை?"

"சந்தோசமா உக்காந்திருந்தீங்க."

ஜூலை 11, வியாழன்

தமயந்திக்கு எட்டு பி விழுந்திருக்கிறது. அறிவியல். அந்த வகுப்பின் கோதைநாயகி டீச்சர் பாடத்தையும் கொடுத்து, திருத்த வேண்டிய பேப்பர் கட்டையும் கொடுத்து, "பழகிக்கம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூமில் போய் உட்கார்ந்துவிட்டார். வருசா வருசம் இப்படித்தான். பயிற்சிக்கு ஆள் வந்துவிட்டால் எங்கள் டீச்சர்களுக்கு ஒரு சுற்று உடம்பு போட்டுவிடும்.

எட்டு பி வராந்தாவின் கடைசி. அதற்கு வெளியேதான் மணி தொங்குகிறது. மணி என்றால் தண்டவாளத் துண்டு. கரண்ட் மணி கெட்டுப்போனதிலிருந்து இரும்புக் கம்பியால் நான்தான் அடிக்கிறேன். ஸ்டாஃப் ரூம் கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஸ்டூலைப் போட்டு, கம்பியை மடியில் வைத்துக் கொஞ்சம் முன்னாலேயே உட்கார்ந்துகொள்வேன். எட்டு பி-யில் நடப்பதெல்லாம் காதில் விழும், தமயந்தி பேசுவதைத் தவிர.

"டீச்சராவறதுக்குன்னே கொரலைக் கொறச்சுக்கிட்டீங்களா?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"நாலு வருசம் ஸ்பின்னிங் மில்லுல இருந்தேங்க்கா. அங்க கத்தினாலும் கேக்காது. கையிலயே பேசிக்குவோம்."

பேசிக் காட்டினாள். தண்ணி. சூப்பர்வைசர் வரான். வயித்து வலி. மூன்றாவதைக் காட்டிவிட்டு அவளே சிரித்தாள். மில்லில் சம்பாதித்துத்தான் படித்தாளாம். சூலூர்ப் பக்கம் அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு இடம் வைத்திருக்கிறார்களாம். கடைசி வாரம் வெளியிலிருந்து ஒரு அம்மா வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து, இவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுவார். அதில் தேறினால் அந்த இடம்.

"தேறலைன்னா?"

"மில்லு கேட்டு தொறந்துதான் இருக்குதுங்க்கா."

ஜூலை 15, திங்கள்

கக்கூசுக்கு ஃபினாயில் தீர்ந்துவிட்டது. கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள். அடுத்த மாதம்வரை பிள்ளைகளை அடக்கிக்கொள்ளச் சொல்லலாமா என்று கேட்டேன். எச்.எம். சிரிக்கவில்லை.

தமயந்தியின் வயித்து வலி சைகையைக் குழாயடியில் நாலு பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன். சிரித்து மாய்ந்துவிட்டார்கள்.

ஜூலை 18, வியாழன்

எட்டு பி இன்று சந்தைக்கடை. இந்தப் பெண் திரும்பி போர்டில் எழுதினால் போதும், பின்னால் நாற்பது வயித்து வலி. யார் சொல்லிக் கொடுத்தார்களோ. பிறகு டெஸ்க்கைத் தட்ட ஆரம்பித்தார்கள். அவள் கத்தவில்லை. சத்தம் ஏற ஏற அவள் அடங்கிப் போகிறாள், மில் பழக்கம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் மெதுவாகக் கீழே இறக்கி இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். அடங்குங்கள் என்று அர்த்தமாக இருக்கும். தண்ணீரில் முங்குகிறவள் மாதிரி இருந்தது எனக்கு.

சாப்பாட்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அடித்துவிட்டேன்.

பள்ளிக்கூடமே குதித்துக்கொண்டு வெளியே வந்தது. டீச்சர்கள்கூட ஒருவரும் கேட்கவில்லை. பசி யாரை விட்டது. தமயந்தி வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்று, "நல்லவேளைங்க்கா, உங்க மணி வந்துச்சு" என்றாள்.

"மணி வரலை கண்ணு, நாந்தான் வந்தேன்" என்றேன். நேரத்துக்கு முன்னால் அடித்ததைச் சொல்லவில்லை. உதவி செய்துவிட்டுத் தம்பட்டம் அடிக்கக் கூடாது.

ஜூலை 23, செவ்வாய்

இன்றும் தட்டினார்கள். இன்றும் அடித்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

தட்டல் நாளுக்கு நாள் சீக்கிரமாகவே தொடங்குகிறது. நான் அடிப்பதும் நாளுக்கு நாள் முன்னே முன்னே போகிறது. சத்துணவு அம்மா மட்டும் சாதம் வடிக்கவில்லை என்று சண்டைக்கு வந்தாள். "வடிச்ச கஞ்சியவே ஊத்து, ஒடம்புக்கு நல்லது" என்றேன்.

எனக்கு ஒன்று புரியவில்லை. காலையில் முதல் பீரியடில் தமயந்தி போனால் அந்தப் பிள்ளைகள் பரவாயில்லாமல் இருக்கின்றன. சாப்பாட்டுக்கு முந்தின பீரியடில்தான் பேய் பிடிக்கிறது. பசிதான் காரணம். பசித்தால் நானுமே மனுசி இல்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

லீவு போட்டுவிட்டுத் திருப்பூருக்கு மகளைப் பார்க்கப் போனேன். ஒன்பதாவதோடு பனியன் கம்பெனிக்குப் போனவள், இப்போது செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறாள். ஓவர்டைமாம், வீட்டில் இல்லை. முறுக்கைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

நான் இல்லாத வெள்ளிக்கிழமை எட்டு பி-யில் ஊசி விழுந்தால் கேட்குமாம். வாட்ச்மேன் ரங்கண்ணன்தான் மணி அடித்திருக்கிறார். மனுசன் கடிகாரத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கிற ரகம். தமயந்தி பஞ்சைக் கொண்டுவந்து, மில்லில் அது எப்படி நூலாகிறது, பெல்ட் எப்படிச் சுற்றுகிறது, ஏன் சூடாகிறது என்று உராய்வுப் பாடத்தை நடத்தினாளாம். கோதைநாயகி டீச்சரே எட்டிப் பார்த்துவிட்டு, "இப்படியே பண்ணும்மா" என்று சொன்னாராம். சொல்லும்போது தமயந்தியின் குரல் எனக்கு முதல் தடவையிலேயே கேட்டது.

"பார்றா, நான் லீவு போட்டாத்தான் உங்களுக்கு நல்ல நேரமாட்ட இருக்குது" என்று கேலி பண்ணினேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்படியெல்லாம் இல்லைங்க்கா" என்றாள், நெம்ப அவசரமாக.

ஆகஸ்ட் 8, வியாழன்

எட்டு பி லீடர் மோனிஷா குழாயடியில் பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஏஞ் சாமி, அந்த டீச்சரை மட்டும் எதுக்குடி இந்தப் பாடு படுத்தறீங்க?" என்று கேட்டேன்.

"படுத்தலை ஆயா. டெஸ்க்கைத் தட்டினா நீங்க மணி அடிச்சர்றீங்கல்ல. அதுக்குத்தான்."

"ரங்கண்ணன் அடிச்ச அன்னிக்கு ஏந் தட்டலை?"

"ஸ்டூல்ல நீங்க இல்லையே. அந்த வாட்ச்மேன் தாத்தாவுக்கெல்லாம் தட்டிப் பிரயோசனம் இல்ல."

கெட்டிக்காரக் கழுதைகள். வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு வாளியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

நாளையிலிருந்து நேரத்துக்குத்தான் அடிப்பேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மூன்று நாளாக நேரத்துக்குத்தான் அடிக்கிறேன். அவர்களும் மணி வரும்வரை தட்டுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். இன்று தட்டல் ஸ்டாஃப் ரூம்வரை போய், கோதைநாயகி டீச்சர் எழுந்து வந்துவிட்டார். பிள்ளைகளைத் திட்டவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் இவளைத் திட்டினார்.

"வாயத் தொறந்து பேசத் தெரியாம எதுக்கும்மா டீச்சர் வேலைக்கு வர்றே? நாலு வருசம் மில்லுல மெசினு கூடயே இருந்தா இப்படித்தான்."

வகுப்பு கப்சிப். நாற்பது பிள்ளைகளும் குனிந்துகொண்டார்கள். நான் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு தமயந்தி குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். நான் ஏதாவது சொல்லலாம் என்று போய், "தண்ணிப் பஞ்ச காலம் கண்ணு, பாத்துக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

இன்று கொஞ்சம் முன்னால் அடித்தேன். நாளைக்குக் கொடியேற்றம், வேலை நிறைய.

ஆகஸ்ட் 21, புதன்

எச்.எம். கூப்பிட்டார். கணக்கு டீச்சர் பாடம் முடிவதில்லை என்று சொல்லியிருக்கிறார் போல.

"பேபி, மத்தியான மணி சரியாத்தான் அடிக்கிறீங்களா?"

"கடியாரத்தைப் பார்த்துத்தானுங்க மேடம். ஸ்டாஃப் ரூம் கடியாரம் வேகமோ என்னமோ."

"பாத்துக்கங்க. உங்களுக்குச் சம்பளம் பெற்றோர் சங்கம் குடுக்குது. அவங்க காதுக்குப் போச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நிறுத்தத்தான் போகிறேன் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்து அல்ல.

ஆகஸ்ட் 29, வியாழன்

மார்க் போடுகிற அம்மா வரும் நாள் தெரிந்துவிட்டது. செப்டம்பர் மூன்று. தமயந்திக்குக் கொடுத்திருக்கும் பீரியட் சாப்பாட்டுக்கு முந்தினது.

"மாத்திக் கேளுங்களேன் டீச்சர். காலையில வாங்கிக்கங்க" என்றேன்.

"கேட்டேங்க்கா. கோதைநாயகி மேடம் முடியாதுன்னுட்டாங்க."

"வெசனப்படாதீங்க. நானிருக்கறேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். "சரிங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 2, திங்கள்

ஒரு பாக்கெட் தேன்மிட்டாய் வாங்கிக்கொண்டு எட்டு பி-க்குப் போனேன். ஆளுக்கு ஒன்று.

"நாளைக்கு ஒரு அம்மா வந்து பின்னால உக்காருவாங்க. எவளாச்சும் டெஸ்க்குல கை வெச்சீங்க, விரலை ஒடிச்சுப்போடுவேன்."

மோனிஷா எழுந்தாள். "அப்ப நாளைக்கு மணி சீக்கிரம் அடிக்க மாட்டீங்களா ஆயா?"

"மாட்டேன்."

"நாளான்னிக்கு?"

"அதை நாளான்னிக்குப் பாக்கலாம். மிட்டாயத் தின்னு."

எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல பிள்ளைகள்தான். பேச வேண்டிய விதத்தில் பேசினால் கேட்டுக்கொள்கிறார்கள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

நேற்று எழுத முடியவில்லை. கை வலி.

ஒழுங்காகத்தான் தொடங்கியது. மார்க் போடுகிற அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நல்ல கனத்த அம்மா. நான் ஸ்டூலில். ஜன்னல் இரண்டையும் சாத்திவிட்டார்கள், ரோட்டில் லாரிச் சத்தம் வருகிறது என்று. அதனால் எனக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கதவிடுக்கில் காது வைக்கலாம்தான், எச்.எம். வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். இடையில் ஒருமுறை பிள்ளைகள் சேர்ந்து பதில் சொல்வது கேட்டது. பிறகு ஒரே அமைதி. மனசுக்குள் ஆகட்டும் ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

எச்.எம். அறைக்குள் போனார். அந்த நேரம் பார்த்து டெஸ்க் தட்டும் சத்தம் வந்தது. முதலில் ஒன்று. அப்புறம் நாலைந்து. அப்புறம் வகுப்பு முழுக்க.

மிட்டாயும் தின்றுவிட்டு இப்படிச் செய்கிறதுகளே என்று நினைத்தேன். அந்தப் பெண் உள்ளே கையை இறக்கி இறக்கிக் காட்டிக்கொண்டிருப்பாள், பின்பெஞ்சில் அந்த அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். கடிகாரத்தைப் பார்க்க நான் எழவில்லை. கம்பியை எடுத்து அடித்தேன். ஓங்கி அடித்தேன்.

கதவு திறந்தது. பிள்ளைகள் பாய்ந்து வரும் என்று ஒதுங்கினேன். வந்தார்கள், ஆனால் வழக்கம்போல் இல்லை. பாதிப் பேர் காதைத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். பாதிப் பேர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மோனிஷா என்னிடம் ஓடிவந்தாள்.

"ஏன் ஆயா அடிச்சீங்க? டீச்சர்தான் தட்டச் சொன்னாங்க."

ஒலிப் பாடமாம். சத்தம் காற்றில் வருவதைவிட மரத்தில் நன்றாக வரும் என்று காட்ட, எல்லாரையும் டெஸ்க்கில் காதை வைத்துப் படுக்கச் சொல்லி, பக்கத்தில் இருப்பவளைத் தட்டச் சொல்லியிருக்கிறாள். அவளே யோசித்ததாம், புத்தகத்தில் இல்லையாம். பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியமாம். "யாரும் சேட்டையே பண்ணலை ஆயா, சத்தியமா" என்றாள்.

உள்ளே பின்பெஞ்சில் அந்த அம்மா மட்டும் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்டில் பாதிப் பாடம் இருந்தது.

"கேள்வி கேக்கற பகுதி முழுக்க விட்டுப்போச்சே. நேரம் இருந்துச்சே, ஏம்மா விட்டே?"

தமயந்தி என்னைப் பார்த்தாள். நான் வாசலில் கம்பியோடு நின்றிருந்தேன்.

"நேரம் கணக்குப் பண்ணத் தெரியலைங்க மேடம். தப்பு என்னுது."

"மணி சத்தம் கேட்டதும் கிளாஸ் மொத்தமா ஓடுது. உன்கிட்ட ஒரு பேச்சுக்குக்கூட யாரும் உத்தரவு கேக்கலை. கிளாஸ் உன் கையிலயே இல்லைம்மா."

அப்போது உள்ளே போய் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்டாஃப் ரூமில் அடுப்பில் டீ வைத்திருந்தேன், பொங்கிவிடும் என்று போய்விட்டேன். எச்.எம். பிறகு கூப்பிட்டுக் கேட்டார். ஸ்டாஃப் ரூம் கடிகாரம் வேகம் என்று அன்றைக்கே சொன்னேனே என்றேன். அவரும் அதை நம்பிக்கொள்வது சுலபம் என்று விட்டுவிட்டார் போல.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் கேக் வெட்டினார்கள். டீச்சர்களுக்கெல்லாம் ஒரு ரோஜா, ஒரு பேனா. பயிற்சி டீச்சர்களுக்கு ரோஜா மட்டும். எனக்குக் கேக் வைத்த அட்டைப்பெட்டி, சமையலறையில் வெங்காயம் போட்டு வைக்க நல்லது.

கோதைநாயகி டீச்சர் கேக் தின்றுகொண்டே விசயத்தைச் சொன்னார். ஏழு பேர் தேறிவிட்டார்கள். தமயந்தி அடுத்த வருசம் மறுபடி வந்து எடுத்துக் காட்ட வேண்டும். "அந்தப் பொண்ணுக்கு இது ஒத்துவராதுக்கா. நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

"உங்களுக்குத் தெரியாததா டீச்சர்" என்றேன். நான் யாரிடமும் வாயடங்கி நின்றதில்லை என்று பெயர்.

செப்டம்பர் 6, வெள்ளி

கடைசி நாள். எட்டுப் பேரும் கிளம்பினார்கள். எட்டு பி பிள்ளைகள் தமயந்தியைச் சுற்றிக்கொண்டு விடவில்லை, இரண்டு மூன்று அழுதன. இரண்டு மாதம் அழவைத்துவிட்டு இப்போது இவர்கள் அழுகிறார்கள். கேட்டுவரை நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அடுத்த வருசம் இங்கயே வந்துருங்க. எட்டு பி-யவே வாங்கித் தர்றேன். நானே எச்.எம். நாற்காலியில உக்காந்து ஆர்டர் போடறேன்" என்றேன்.

"ஊர் ஸ்கூல்ல அதுவரைக்கும் எடத்தை வெச்சிருக்க மாட்டாங்கக்கா. திங்கக்கெழமை மில்லுல ஜாயின் பண்றேன். செகண்ட் ஷிப்ட்டு."

பஸ் ஸ்டாப்பில் நின்றோம். இதற்கு மேல் கேலி வரவில்லை. "கண்ணு, அந்த மணி" என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங்க்கா. மோனிஷா போன மாசமே சொல்லிருச்சு. தட்டினா நீங்க அடிப்பீங்கன்னு."

"அட, அப்பவே எங்கிட்டக் கேட்டிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே."

"அதனாலதாங்க்கா கேக்கலை."

லாரி ஒன்று போனது. பின்னால் காந்திபுரம் பஸ் வந்தது.

"தெனமும் அந்தப் பீரியட்ல உங்க மணிக்காகத்தான் நின்னேன்" என்றாள். "பாடம் நடத்தறதுக்காக நிக்கலை. சீக்கிரம் வரட்டும், சீக்கிரம் வரட்டும்னு பிள்ளைங்களோட நானும்தான் காத்திருந்தேன். அன்னிக்கு ஒரு நாள்தான் மணியவே மறந்து நடத்தினேன்."

பையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கையால் ஏதோ காட்டினாள். தண்ணியும் இல்லை, சூப்பர்வைசரும் இல்லை, வயித்து வலியும் இல்லை. எனக்குச் சொல்லிக் கொடுக்காத சைகை. நானும் புரிந்தமாதிரி தலையாட்டினேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பயிற்சிக்கு வந்தவர்கள் போகும்போது பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது வாங்கிக் கொடுப்பது முறை. போன வருசம் ஒரு குடம். இந்த வருசம், மணி அடிக்கும் இடத்தில் ஒரு நல்ல கடிகாரம் இருந்தால் தவறு நடக்காது என்று எச்.எம். சொல்லியிருந்ததால், பெரிய சுவர்க்கடிகாரம் வந்திருக்கிறது. கீழே பெயிண்டில் எட்டுப் பேர் பெயரும் எழுதியிருக்கிறது. யார் தேறினார்கள், யார் தேறவில்லை என்று பெயிண்டருக்குத் தெரியாது. தமயந்தி பெயர் மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக விழுந்திருக்கிறது, இடம் போதாமல்.

எட்டு பி-யின் வெளிச்சுவரில் மாட்டச் சொன்னார்கள். ரங்கண்ணன் சாப்பிடப் போயிருந்ததால் நானே ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தேன். நாலாவது அடியில் சுவருக்குள் படபடவென்று சத்தம் வந்து ஒரு பொறி தெரிந்தது. உள்ளே கரண்ட் ஒயர் போகிறதாம். எட்டு ஏ, எட்டு பி, ஸ்டாஃப் ரூம், மூன்றிலும் ஃபேன் நின்றுவிட்டது. கோதைநாயகி டீச்சர் பரீட்சைப் பேப்பரால் விசிறிக்கொண்டு பாடம் நடத்தினார். எலக்ட்ரீசியன் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடிகாரத்துக்குப் பாட்டரி, அது ஓடுகிறது.